மதகை மூடினால் தண்ணீர் போய்விட்டதா? வணிகக் கட்டட ஃபண்டுகளில் பணம் ஏன் சிக்கிக்கொள்கிறது

போன ஆவணியில் மாயவரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்தபோது பக்கத்து இலையிலிருந்து சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். "ஏம்ப்பா, லண்டன்ல நம்ம பெரியவன் ஏதோ கட்டட ஃபண்டுல பணம் போட்டிருந்தானாம். எடுக்கப் போனா கதவைச் சாத்திட்டாங்களாம். போச்சா எல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், "போச்சுதான் மச்சான். நம்ம ஊரு ஃபைனான்ஸ் மூடின மாதிரிதான் அதுவும்" என்று முடித்துவிட்டார். சித்தப்பா அதற்குப் பிறகு பாயசத்தைத் தொடவில்லை.

அவருடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. வட்டிக்கு ஆசைப்பட்டுப் போட்ட பணம் ஒரே இரவில் காணாமல் போனதைப் பார்த்த ஊர்கள் டெல்டாவில் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பெரியவனுக்கு, அதாவது என் தம்பிக்கு, நடந்தது அதுவல்ல. பணம் தொலைவது வேறு, பணம் சிக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அன்றைக்குப் பந்தியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

## மூன்று மா நிலம் விற்ற கதை

எங்கள் மாமா பாபநாசம் பக்கம். மகள் கல்யாணத்துக்காக மூன்று மா நஞ்சையை விற்க நினைத்தார். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். வாய்க்கால் ஓரத்து நல்ல நிலம். ஊரில் யாரைக் கேட்டாலும் இன்ன விலை போகும் என்று சொல்வார்கள். கையில் பணம் இருக்கிற மாதிரிதான் அவரும் பேசிக்கொண்டிருந்தார்.

விற்க இறங்கியபோதுதான் தெரிந்தது, பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அதை மாற்ற அலைந்தார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எப்போதோ அடைத்த கூட்டுறவுக் கடன் இன்னும் பதிவில் நின்றது. திருப்பூரில் இருக்கிற சித்தி மகனுடைய கையெழுத்து வேண்டும். வாங்க வந்தவர், "சம்பா அறுவடை முடியட்டும், தையில பேசிக்கலாம்" என்றார். அக்ரிமெண்ட் போட்டு, அட்வான்ஸ் வாங்கி, கிரயம் முடிய ஏழு மாதம். கல்யாணம் நடுவிலேயே வந்துவிட்டதால் நகையை அடகு வைத்துச் சமாளித்தார்.

நிலத்துக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. அந்த மதிப்பு வேண்டிய நாளில் ரூபாயாக மாறவில்லை, அவ்வளவுதான். ஒரு சொத்தை விலை அடிபடாமல் எவ்வளவு சீக்கிரம் பணமாக்க முடியும் என்பதை நிதித்துறையில் நீர்மைத்தன்மை என்பார்கள். சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு அது அதிகம், தங்கத்துக்கும் நன்றாகவே உண்டு. நிலத்துக்குக் குறைவு. பெரிய வணிகக் கட்டடத்துக்கு அதைவிடக் குறைவு. ஐம்பது கோடி ரூபாய்க் கட்டடத்தை வாங்கும் சக்தியுள்ளவர்கள் ஒரு மாவட்டத்திலேயே எத்தனை பேர் இருப்பார்கள்?

## பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய கடைக் கட்டடம்

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மாயவரம் பட்டமங்கலத் தெருவில் நான்கு கடைகள் உள்ள ஒரு கட்டடம், விலை 80 லட்சம். ஒருவரால் வாங்க முடியாது. பத்துப் பேர் ஆளுக்குப் பத்து லட்சம் போட்டு ஒரு கோடி சேர்க்கிறார்கள். 80 லட்சத்துக்குக் கட்டடத்தை வாங்கிவிட்டு, மீதி 20 லட்சத்தை வங்கியில் வைக்கிறார்கள். வருடத்துக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் வாடகை வருகிறது, அதைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

வணிகக் கட்டட ஃபண்டு என்பது இதன் பெரிய வடிவம்தான். பத்துப் பேருக்குப் பதில் லட்சம் பேர். நான்கு கடைக்குப் பதில் அலுவலகக் கட்டடங்கள், மால்கள், கிடங்குகள். நிர்வகிக்க ஒரு நிறுவனம், அதற்குக் கட்டணம். மொத்தச் சொத்தின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்து, யூனிட்டுகளின், அதாவது பணம் போட்டவர்கள் வைத்திருக்கும் பங்குகளின், எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு கிடைக்கும். நம் கணக்கில் அது ஆளுக்குப் பத்து லட்சம்.

இதுவரை வில்லங்கம் எதுவும் இல்லை. அடுத்து வருகிற விதியில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துப் பேரும் உட்கார்ந்து, "யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது அன்றைய மதிப்புக்குத் தன் பங்கை வாங்கிக்கொண்டு போகலாம்" என்று எழுதி வைக்கிறார்கள். இப்படி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரவும் வெளியே போகவும் விடுகிற ஃபண்டுக்குத் திறந்தநிலை ஃபண்டு என்று பெயர்.

வருடத்துக்கு ஒருவர் போய், அவருக்குப் பதிலாக இன்னொருவர் வரும்வரை இந்த விதி நன்றாகவே நடக்கும். வங்கியில் கிடக்கும் 20 லட்சம் அதற்குப் போதும். ஆனால் கவனியுங்கள்: ஏழு மாதத்தில் விற்கக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே நாளில் பணம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சிக்கலின் வேர் இந்த வாக்குதான். கட்டடமும் நல்ல கட்டடமாக இருக்கலாம், நிர்வாகியும் நாணயமானவராக இருக்கலாம். வாக்கு மட்டும் பொருளுக்குப் பொருந்தவில்லை.

ஆக இதுவரை: கட்டடத்தை விற்க மாதங்கள் ஆகும். திறந்தநிலை ஃபண்டு கேட்ட நாளில் பணம் தருவதாகச் சொல்கிறது. நடுவில் இருக்கிற இடைவெளியைக் கையிருப்புப் பணம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

## கட்டடத்தின் விலையை யார் சொல்வது?

பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலை ஒவ்வொரு நொடியும் திரையில் ஓடும். கட்டடத்துக்கு அப்படி ஒரு திரை கிடையாது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, தரகர் சொல்வது ஒன்று, உண்மையில் கைமாறுவது ஒன்று என்று நம் ஊரிலேயே ஒரு மனைக்கு மூன்று விலை உண்டு. கைமாறும் நாள் வரை மற்ற இரண்டும் யூகம்தான்.

ஃபண்டுகள் இதற்காகத் தொழில்முறை மதிப்பீட்டாளர்களை வைத்திருக்கின்றன. அவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் வந்து, அக்கம்பக்கத்தில் இதே மாதிரி கட்டடம் என்ன விலைக்குப் போனது, வாடகை எவ்வளவு, வாடகைக்காரர் எத்தனை வருடம் இருப்பார் என்றெல்லாம் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். அமைதியான காலத்தில் அது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அக்கம்பக்கத்தில் எதுவுமே விற்காதபோதுதான் சிக்கல். புறவழிச்சாலை போட்ட புதிதில், உள்ளே இருக்கிற கடைத்தெருவில் ஒரு கட்டடம் என்ன விலை போகும் என்று கேட்டுப் பாருங்கள். வாங்க ஆள் வந்து பேசினால்தான் தெரியும் என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, வட்டி. பலரும் கவனிக்காத இடம் இது. நம் கட்டடம் 80 லட்சம், வாடகை 6 லட்சத்து 40 ஆயிரம். அதாவது போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 8 சதவீதம். வங்கி வட்டி ஏறிவிட்டது, கட்டடம் வாங்க வருகிறவர், "10 சதவீதமாவது வந்தால்தான் எனக்குக் கட்டும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை அதே 6 லட்சத்து 40 ஆயிரம்தான். அது 10 சதவீதமாக இருக்க வேண்டுமானால் கட்டடத்தின் விலை 64 லட்சமாக இருக்க வேண்டும். ஒரு செங்கல் பெயரவில்லை, ஒரு கடை காலியாகவில்லை, 16 லட்சம் குறைந்துவிட்டது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதத்துக்கு ஏற்றியது. இங்கிலாந்து வங்கியும் 2021 டிசம்பரில் 0.1 சதவீதத்தில் இருந்ததை 2023 ஆகஸ்ட்டில் 5.25 சதவீதமாக்கியது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கத்தால் அலுவலக இடத்துக்குத் தேவையும் குறைந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால், உலகம் முழுக்க அலுவலகக் கட்டடங்களின் மதிப்பு பற்றி யாரும் உறுதியாகப் பேச முடியாமல் போனது.

## தலைமடையும் கடைமடையும்

இப்போது நம் பத்துப் பேரிடம் திரும்புவோம். ஏட்டில் கட்டடம் இன்னும் 80 லட்சம் என்றே இருக்கிறது, ஏனென்றால் மதிப்பீட்டாளர் அடுத்த மாதம்தான் வருவார். உண்மையில் 64 லட்சத்துக்குத்தான் போகும் என்பது இரண்டு பேருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் உடனே வந்து பணம் கேட்கிறார்கள். ஏட்டின்படி ஆளுக்குப் பத்து லட்சம். வங்கியில் இருந்த 20 லட்சமும் அவர்களோடு போய்விட்டது.

மீதி எட்டுப் பேர். கையில் 64 லட்சம் பெறுமானமுள்ள ஒரு கட்டடம், அதாவது ஆளுக்கு எட்டு லட்சம். நியாயமாகப் பிரித்திருந்தால் 64-ம் 20-ம் சேர்த்து 84 லட்சத்தைப் பத்தாக வகுத்து ஆளுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் வந்திருக்கும். முதலில் போனவர்கள் ஆளுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கூடுதலாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பணத்தை இருந்த எட்டுப் பேரும் ஆளுக்கு 40 ஆயிரம் வீதம் கட்டியிருக்கிறார்கள், தங்களுக்குத் தெரியாமலே.

மூன்றாவது ஆள் வந்து கேட்டால் கொடுக்கப் பணமே இல்லை. கட்டடத்தை விற்றாக வேண்டும். அவசரத்துக்கு விற்கிறோம் என்று தெரிந்தால் வாங்குகிறவர் சும்மா விடுவாரா? 55 லட்சத்துக்குக் கேட்பார். அப்படி விற்றால் ஆளுக்கு ஏழு லட்சம் கூடத் தேறாது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரர் மடையைத் திறந்து வயல் நிறைய வைத்துக்கொண்டால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. வேதாரண்யம் பக்கத்து விவசாயி செய்த தப்பு என்ன? வாய்க்காலின் கடைசியில் இருந்தார், அவ்வளவுதான். ஃபண்டில் கடைசியாக விழித்துக்கொள்கிறவர்தான் கடைமடை. பெரும்பாலும் அவர் சம்பளத்தில் மாதாமாதம் சிறிது போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆளாக இருப்பார். தலைமடையில் நிற்பவர்கள் எப்போதும் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள்.

ஒரு தடவை இது புரிந்துவிட்டால், நல்ல கட்டடம் வைத்திருக்கிற ஃபண்டிலும் எல்லாரும் ஏன் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள் என்பதும் புரியும். ஃபண்டு கெட்டுவிட்டது என்று நம்ப வேண்டியதே இல்லை, மற்றவர்கள் ஓடிவிடுவார்கள் என்று நம்பினாலே போதும். யூரியா தட்டுப்பாடு என்று பேச்சு கிளம்பினால் இரண்டு மூட்டை தேவைப்படுகிறவரும் ஐந்து மூட்டை கேட்டு வரிசையில் நிற்பார். வரிசையைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள். பேச்சு பொய்யாகவே இருந்தாலும் சாயங்காலத்துக்குள் தட்டுப்பாடு நிஜமாகிவிடும்.

சுருக்கமாக: ஏட்டு விலை உண்மை விலையைவிட அதிகமாக நிற்கும் நாட்களில், முதலில் வெளியேறுகிறவருக்கு லாபம், இருக்கிறவருக்கு நஷ்டம். அதனால் ஓட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

## முறை வைத்து விடுவதும் அடியோடு மூடுவதும்

தண்ணீர் பற்றாத வருடத்தில் நாம் என்ன செய்வோம்? முறைப்பாசனம். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். யாருக்கும் வயிறு நிறையாது. ஆனால் தலைமடையில் வெள்ளமும் கடைமடையில் வெடிப்பும் இருக்காது. ஃபண்டில் இதே வேலையைச் செய்வது வெளியேற்ற வரம்பு. ஒரு மாதத்தில் மொத்த மதிப்பில் இத்தனை சதவீதம்தான் எடுக்க முடியும், கேட்டவர்கள் அதிகமானால் எல்லாருக்கும் விகிதப்படி கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

அதுவும் போதாதபோது மதகையே இறக்கிவிடுவார்கள். இதற்கு நிறுத்திவைப்பு என்று பெயர். யாரும் எடுக்க முடியாது, புதிதாக யாரும் போடவும் முடியாது. 2023-ல் மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்தார்கள். வரவேண்டிய தண்ணீர் வராமல் அக்டோபர் 10-ல் பாசனத்துக்கு மூட வேண்டியதாயிற்று. கருகிய பயிரைப் பார்த்த யாருக்கும் அது மறக்காது. ஆனால் அணையில் மிச்சம் இருந்ததையும் அன்றைக்கே விட்டிருந்தால் பிறகு குடிநீருக்கும் திண்டாடியிருப்போம்.

மூன்றாவதாக ஒரு வழி, மூடாமல் விலையைக் குறைத்துக் கொடுப்பது. "இன்றைக்கே வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவசரத்துக்கு விற்கிற விலையில்தான் தருவோம்." போகிறவரின் செலவைப் போகிறவரே ஏற்பது என்பதால் மூன்றிலும் இதுதான் நேர்மையானது என்பது என் எண்ணம். மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படுகிறவருக்குக் குறைந்த விலையிலாவது ஒரு கதவு திறந்திருக்கும். மூடிவிட்டால் அதுவும் இல்லை.

மூடுவதைப் பற்றி நான் அதிகம் நல்லவிதமாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதில் இருக்கிற கஷ்டம் சாதாரணமானதல்ல. தம்பி வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்த தொகை அது. ஒரு வருடத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவன் மனைவி எனக்குப் போன் செய்து, "அத்தான், ஃபண்டுன்னா எப்ப வேணா எடுக்கலாம்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம் என்பது ஆவணத்தின் உள்ளே எங்கோ ஒரு பத்தியில் இருந்தது.

## நடந்தவை சில

இங்கிலாந்தில் 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. விலகுவது என்று முடிவானதும், லண்டன் அலுவலகக் கட்டடங்களுக்கு இனி யார் வருவார்கள் என்ற சந்தேகத்தில் முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்கக் குவிந்தார்கள். ஜூலை 4-ல் ஸ்டாண்டர்ட் லைஃப் நிறுவனம் தன் கட்டட ஃபண்டை நிறுத்திவைத்தது. மறுநாள் அவிவாவும் எம் அண்டு ஜியும். அதற்கடுத்த நாள் இன்னும் சில. அபர்தீன் நிறுவனம் வேறு வழியாகப் போனது: வெளியேற விரும்புகிறவர்களுக்கு யூனிட் விலையில் 17 சதவீதம் குறைத்துக் கொடுப்பதாக அறிவித்து, வேண்டுகோளைத் திரும்பப் பெற நினைப்பவர்களுக்கு அவகாசமும் கொடுத்தது. பணம் போய்விட்டதா? இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் பெரும்பாலான ஃபண்டுகள் மறுபடி திறந்துவிட்டன.

ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. எம் அண்டு ஜியின் ஃபண்டு 2019 டிசம்பரில் மறுபடி மூடியது. அதன் மதிப்பு அப்போது சுமார் 250 கோடி பவுண்டு. கடைகள் உள்ள கட்டடங்களில் அது நிறையப் போட்டிருந்தது. இணைய வியாபாரத்தால் கடைகள் நொடித்துக்கொண்டிருந்தன. மூடியிருந்த காலத்தில் நிர்வாகக் கட்டணத்தில் 30 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். முழுவதையும் ஏன் தள்ளுபடி செய்யவில்லை என்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். 2021 மே மாதம் திறந்த அந்த ஃபண்டை 2023-ல் ஒரேயடியாகக் கலைத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது வேறுவிதமாக நடந்தது. மதிப்பீட்டாளர்களே கையை விரித்துவிட்டார்கள். "எங்கள் எண்ணில் கணிசமான நிச்சயமின்மை இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார்கள். விலையே தெரியாதபோது எந்த விலைக்குப் பணம் கொடுப்பது? இங்கிலாந்தின் கட்டட ஃபண்டுகள் வரிசையாக மூடின. அதே வருடம் செப்டம்பர் இறுதியில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: சொத்தில் குறைந்தது 20 சதவீதத்துக்கு மதிப்பீட்டாளர் இப்படி எழுதினால் ஃபண்டு பொதுவாக நிறுத்திவைத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் பிளாக்ஸ்டோன் நிறுவனத்தின் பிரீட் என்ற பெரிய ஃபண்டுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு முறை உண்டு: மாதத்துக்கு 2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 5 சதவீதம்தான் எடுக்கலாம். 2022 கடைசியில் கேட்டவர்களின் தொகை அதைத் தாண்டியது. "பிளாக்ஸ்டோன் கதவைச் சாத்தியது" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. சாத்தவில்லை, எழுதிவைத்த முறைப்படி விட்டார்கள். 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 400 கோடி டாலரைப் புதிதாகப் போட்டது. 2024 பிப்ரவரியில் கேட்டவர்கள் அனைவருக்கும் முழுத்தொகையும் கிடைத்தது. அதே 2024 மே மாதம் ஸ்டார்வுட் நிறுவனத்தின் இதேபோன்ற ஃபண்டு தன் வரம்பை மாதத்துக்கு 0.33 சதவீதமாக இறுக்கியது. முறையின் அளவு நடுவழியில் மாறலாம் என்பதற்கு அது சாட்சி.

ஜெர்மனி இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 2008 நெருக்கடியில் அங்கே பல கட்டட ஃபண்டுகள் மூடின, சில பிறகு திறக்கவே இல்லை. 2013-லிருந்து புதிதாகப் போடுகிறவர் குறைந்தது 24 மாதம் வைத்திருக்க வேண்டும், எடுக்க 12 மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும். வாக்கைப் பொருளுக்குப் பொருத்தமாக மாற்றியிருக்கிறார்கள். என் மாமாவின் ஏழு மாதக் கதை தெரிந்தவர்களுக்கு இந்த விதி கடுமையாகத் தோன்றாது.

## நம் நாட்டில் எப்படி?

இந்தியாவில் சாதாரண முதலீட்டாளர் வணிகக் கட்டடத்தில் பங்கு வாங்குகிற முக்கிய வழி ரீட். கட்டடங்களை வைத்திருக்கிற ஒரு முதலீட்டு அறக்கட்டளை அது. அதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி அமைப்பு 2014-ல் விதிகளைக் கொண்டுவந்தது, முதல் ரீட்டான எம்பஸி 2019 ஏப்ரலில் பட்டியலானது. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வருமானம் தருகிற கட்டடமாக இருக்க வேண்டும். கைக்கு வரும் பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இதில் நீங்கள் பணத்தை ரீட்டிடம் திருப்பிக் கேட்க முடியாது. உங்கள் யூனிட்டைச் சந்தையில் இன்னொருவருக்கு விற்கலாம். பத்துப் பேர் கதையில், கட்டடத்தைத் தொடாமல் உங்கள் பங்கை மட்டும் பதினோராவது ஆளுக்கு விற்பது மாதிரி. எனவே வெளியேற்ற வரம்பு, நிறுத்திவைப்பு என்ற பேச்சே இங்கே எழாது. அதற்குப் பதிலாக, எல்லாரும் பயந்த நாளில் விலை விழும். கதவு திறந்தே இருக்கும், கதவில் எழுதியிருக்கிற விலைதான் மாறும். திறந்தநிலை ஃபண்டில் காத்திருந்து கட்டுகிறோம், ரீட்டில் விலையில் கட்டுகிறோம். எதுவும் இலவசமில்லை.

2024-ல் சிறு ரீட்டுகளுக்கும் விதி வந்தது. 50 கோடியிலிருந்து 500 கோடி வரையிலான சொத்துகளுக்கு, குறைந்தது 10 லட்சம் ரூபாய் போடுகிறவர்களுக்கு. அவையும் பட்டியலாகும். ஆனால் பத்து லட்ச ரூபாய் யூனிட்டைத் திடீரென்று விற்கப் போனால் வாங்க ஆள் உண்டா என்பதை ஒரு மாதமாவது சந்தையைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்தநிலை ஃபண்டில் பணம் சிக்கியது நமக்குத் தெரியாத விஷயமல்ல. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. சுமார் 25,000 கோடி ரூபாய். அவை கட்டட ஃபண்டுகள் அல்ல, நிறுவனங்களின் கடன் பத்திரங்கள். ஆனால் இயக்கம் அதேதான்: உடனே விற்க முடியாத பத்திரம், உடனே தருவதாக வாக்கு, ஊரடங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்திரங்களை அவசரமில்லாமல் விற்று, தவணை தவணையாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

## நம்ம ஊர் ஃபைனான்ஸும் இதுவும் ஒன்றா?

பந்தியில் அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். ஓடிப்போகிற ஃபைனான்ஸில் விற்பதற்குப் பொருளே இருக்காது. புதிதாகப் போடுகிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டி கொடுப்பார்கள். ஒருநாள் கடைக்குப் பூட்டு, போன் அணைந்திருக்கும். பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் ரசீதை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்ததற்குக் காரணமே இவர்கள்தான்.

நிறுத்திவைக்கப்பட்ட கட்டட ஃபண்டில் கட்டடம் இருக்கும். பத்திரம் நிர்வாக நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் முதலீட்டாளர்களுக்காக வைத்திருக்கிற தனி அமைப்பின் பெயரில் இருக்கும். வாடகை வந்துகொண்டிருக்கும். மூடியிருப்பது இன்னும் தேவைதானா என்று இங்கிலாந்தில் 28 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்த்தாக வேண்டும். தம்பிக்கும் அந்த ஒரு வருடத்தில் வருமானப் பங்கு கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அசலும் பிறகு வந்தது, போட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக.

எனவே கட்டடத்தில் போடுகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது வருமானம் எத்தனை சதவீதம் என்பதல்ல. வெளியேறும் வழி என்ன, எத்தனை நாளில், யார் அதை மூட முடியும் என்பதுதான். கையிருப்புப் பணம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், கட்டடத்தின் மேல் கடன் எவ்வளவு, வாடகைக்காரர் ஒருவரையே நம்பி இருக்கிறதா என்பது அடுத்தது. இவை ஆவணத்தில் இருக்கும். அடுத்த ஐந்து வருடத்தில் பெண்ணின் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ வேண்டிய பணம் என்றால், வருமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கல்யாணம் முடிந்து துலாக்கட்டம் பக்கம் நடந்தபோது சித்தப்பாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் வாழ்நாள் முழுக்க நிலம் வாங்கி விற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தக் கட்டடம் எந்த ஊர்ல இருக்கு, யாரு வாடகைக்கு இருக்கான்?" என்றார். அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் பணம் போட்டவன், ஒரு கட்டடத்தின் பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே ஃபண்டின் பழைய ஆண்டறிக்கையைத் தேடி எடுத்து ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரு கடைவளாகம், இரண்டு அலுவலகக் கட்டடம், ஒரு கிடங்கு. பக்கத்தில் வாடகைக்காரர்களின் பெயர், ஒப்பந்தம் முடிகிற வருடம். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கிடங்குக்காரன் இன்னும் ஒன்பது வருஷம் இருப்பான். கடைக்காரன்தான் ரெண்டு வருஷத்துல போயிடுவான் போலிருக்கு" என்றார்.